சித்தி எழுந்திருக்காத நாள்

"சட்டமன்றத்துல இருந்தீங்களே, அங்க என்ன பாத்தீங்க?" என்று யாராவது கேட்டால், என் சித்தி "ஒரு முதுகைப் பாத்தேன்" என்பாள். கேட்டவர் விழிப்பார். சித்தி விடமாட்டாள். "வெள்ளைச் சட்டை. வலது தோள்ல தையல் ஒரு நூல் எறங்கியிருக்கும். காலர் தேஞ்சதும் திருப்பி வெச்சுத் தச்சிருக்காங்க. மனுஷன் சிக்கனம்."

அந்த முதுகு அவளுடைய கட்சியின் கொறடாவுடையது. எந்தத் தீர்மானத்தை ஆதரிக்க வேண்டும், எதை எதிர்க்க வேண்டும் என்று தன் கட்சி உறுப்பினர்களுக்குக் கட்டளையிடுபவர்தான் கொறடா. மீறினால் பதவி போய்விடும். அப்போது சட்டம் அப்படித்தான் இருந்தது. எங்கள் அவையில் வாக்களிக்கப் பொத்தான் எல்லாம் கிடையாது. ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்பார்கள், எதிர்ப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், செயலாளர் தலைகளை எண்ணுவார். முதல் வரிசையில் கொறடா எழுந்தால் பின்வரிசைகள் எழும். அவர் உட்கார்ந்தே இருந்தால் பின்வரிசைகளும் உட்கார்ந்திருக்கும். மசோதாவைப் படித்தவரும் படிக்காதவரும், விவாதத்தைக் கேட்டவரும் தூங்கியவரும் அந்த முதுகைப் பார்த்தால் போதும். அரசியலுக்கு வருவதற்கு முன்னால் அவர் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். அதனால் அவைக்கு உள்ளேயும் வெளியேயும் அவருக்கு டிரில் மாஸ்டர் என்றே பெயர்.

சித்தி அரசியலுக்கு வருவதற்கு முன்னால் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் செக்கிங் மேஜையில் இருந்தாள். என் அம்மாவும் அங்கேதான், தையல் வரிசையில். தைத்து முடித்த சட்டை செக்கிங் மேஜைக்கு வரும். குழல்விளக்கின் கீழ் விரித்து, காலரை மடக்கி, கைப்பட்டியைத் திருப்பி, உள்தையலை விரலால் தடவிப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் தங்கள் எண் அச்சடித்த சின்னச் சீட்டைச் சட்டைப்பையில் போட்டு அனுப்புவார்கள். எங்கோ போன சட்டை பட்டன் கழன்று திரும்பி வந்தால் அந்த எண்காரியைத்தான் கூப்பிடுவார்கள். சரக்கு ஏற்றும் நாளில் சூப்பர்வைசர் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொட்டி, "பாத்தது போதும், சீட்டைப் போடு" என்று விரட்டுவார். மற்றவர்கள் போட்டுவிடுவார்கள்.

"நீங்க பாத்துட்டீங்கன்னா உங்க நம்பரைப் போடுங்க சார். நான் பாக்காததுக்கு என் நம்பர் எதுக்கு?" என்பாள் சித்தி.

அதனால் அவளுக்கு முதலில் வைத்த பேர் நத்தை. செக்கிங் அக்கா என்ற பேர் பிறகு வந்தது.

பேர் மாறியது புகை வந்த நாளில். இஸ்திரி போடும் பிரிவில் துணிக்குவியல் ஒன்று பற்றிக்கொண்டது. பெரிய தீ இல்லை, புகைதான். ஆனால் பின்வாசல் பூட்டியிருந்தது. துணி திருட்டுப் போகிறது என்று நிர்வாகம் பூட்டி வைத்திருந்தது. சாவி எங்கேயோ ஒரு மேலாளரின் சட்டைப்பையில். சித்தி ஒரு மேஜைக்காலைப் பிடுங்கி ஜன்னல் கம்பியை நெம்பி, ஒவ்வொருத்தியாக வெளியே தள்ளினாள். யாரும் சாகவில்லை. அம்மாவின் நுரையீரல் மட்டும் பழையபடி ஆகவில்லை. இன்றும் படி ஏறும்போது பாதியில் நின்று, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்ப்பாள். மூச்சு வாங்குவதை மறைக்க அவள் கண்டுபிடித்த வழி அது.

அதற்குப் பிறகு தொழிலாளர்கள் சித்தியைப் பேசச் சொன்னார்கள். நன்றாகப் பேசினாள். எங்கள் தொகுதியில் ஒருமுறைகூட ஜெயிக்காத கட்சி, தோற்பதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று அவளைத் தேடி வந்தது. அவள் ஜெயித்துத் தொலைத்தாள். கட்சியே திகைத்துப்போனது. வேன் ஓட்டும் என் சித்தப்பாவுக்கு வேறு கவலை. "வர்றவங்க காரெல்லாம் வாசலை அடைச்சுக்குது. நம்ம வண்டியை எங்கம்மா நிறுத்தறது?"

சித்தி முதல் நாளிலிருந்தே எதிர்த்து நின்றவள் என்று நான் எழுதினால் அவளே சிரிப்பாள். தொடக்கத்தில் எல்லோரையும்போல அவளும் முதுகைப் பார்த்து எழுந்தாள், உட்கார்ந்தாள். "எனக்கு மூட்டுவலி வந்தா டிரில் மாஸ்டர்தான் வைத்தியம் பாக்கணும்" என்று வீட்டில் கேலி பேசுவாள். ஆனால் ஒவ்வொரு முறையும் பார்க்காத சட்டையில் சீட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் சொன்னாள். அன்றிலிருந்து மசோதாக்களை வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினாள். வெங்காயம் நறுக்கியபடி அவள் கேட்பாள், நான் வாசிப்பேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அரசியல் அறிவியல் படித்துக்கொண்டிருந்தேன். கட்சிக் கட்டுப்பாடு ஏன் தேவை என்று பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். எழுதியதை நம்பவும் செய்தேன்.

"கட்சிக்குத்தானே சித்தி ஜனங்க ஓட்டுப் போட்டாங்க? கட்டிவைக்கக் கயிறே இல்லன்னா நாளைக்கே ஒருத்தன் பணப்பெட்டியோட வந்து நிப்பான்."

"வருவான்டி. வந்தானே ஒருத்தன்."

"என்ன சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? காரை இங்க நிறுத்தக்கூடாதுன்னு உங்க சித்தப்பா போட்ட சத்தத்துல அவன் எறங்கவே இல்ல."

சிரித்தோம். ஆனால் என் கேள்வி போகவில்லை. அவளும் அதைத் தள்ளிவிடவில்லை. "நீ சொல்றதுல பாதி சரி. எந்தப் பாதின்னுதான் தெரியல" என்றாள்.

பிறகு அந்த நாள் வந்தது. தொழிற்சாலைப் பாதுகாப்பு மசோதா. வேலை நேரத்தில் எந்த வாசலும் பூட்டியிருக்கக் கூடாது என்பது அதன் முக்கிய விதி. கொண்டுவந்தது சித்தியின் கட்சிதான், ஆட்சி அவர்களுடையது. எதிர்க்கட்சியில் ஓர் ஆலை முதலாளி, சின்னத் தொழிற்சாலைகளுக்கு இந்த விதி வேண்டாம் என்று திருத்தம் கொடுத்திருந்தார். சித்தி வேலை பார்த்த இடமும் அந்தக் கணக்குப்படி சின்னத் தொழிற்சாலைதான். திருத்தத்தை எதிர்ப்பது என்று காலையிலேயே கட்சி முடிவு செய்து, எல்லோரும் உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. நான் பார்வையாளர் மாடத்தில் இருந்தேன்.

"திருத்தத்தை ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம்" என்றார் அவைத்தலைவர். எதிர்க்கட்சி வரிசைகள் எழுந்தன. டிரில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். செயலாளர் எண்ணத் தொடங்கினார். திடீரென்று டிரில் மாஸ்டர் துள்ளி எழுந்தார்.

மாடத்திலிருந்து எனக்கு அவர் முகம் தெரிந்தது. பல்லைக் கடித்திருந்தார். ஒரு கை மேஜையை இறுக்கிப் பிடித்திருந்தது, இன்னொரு கை கெண்டைக்காலில் இருந்தது. கால் பிடித்துக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். ஆனால் பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்தது முதுகு மட்டும். தடதடவென்று வரிசை வரிசையாக எழுந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எல்லோருக்கும் முன்னால் எழுந்தார்.

சித்தி எழவில்லை.

அவளுக்குப் பக்கத்து இருக்கை ஒரு பல் டாக்டருடையது. அவர் குனிந்து சித்தியின் தோளைத் தட்டினாராம்.

"அக்கா, எந்திரிங்க."

"எதுக்கு?"

"தெரியல. முதல்ல எந்திரிங்க, அப்புறம் கேட்டுக்கலாம்."

"காலைல உட்காரச் சொன்னாங்களே டாக்டர்?"

"மாத்தியிருப்பாங்கக்கா. எல்லாரும் நிக்கறாங்க பாருங்க."

"வாசலைப் பூட்டுறதுக்கு நான் நிக்க மாட்டேன். நீங்க நில்லுங்க."

எண்ணி முடித்தார்கள். திருத்தம் நிறைவேறியது. டிரில் மாஸ்டர் மெல்ல உட்கார்ந்து கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டு, அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த தன் கட்சி முழுவதையும் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

ஒரு கெண்டைக்கால் போட்ட சட்டம் என்று எந்தக் கட்சிதான் ஒப்புக்கொள்ளும்? சிறுதொழில்களின் நலனைக் கருதி ஆழ்ந்து ஆலோசித்து எடுத்த முடிவு என்று தலைமை அறிக்கை விட்டது. ஆழ்ந்து எடுத்த முடிவு என்றால், உட்கார்ந்திருந்தவள் கட்டளையை மீறியவள் ஆகிறாள். கட்சி காலையில் சொன்னதை அப்படியே செய்த ஒரே ஆள் மேல் கட்சி நடவடிக்கைக்குப் போனது. அவைத்தலைவர் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். சித்தியின் பதவி நிற்கலாம், போகலாம்.

அடுத்த வாரம் ஒரு மாலையில் டிரில் மாஸ்டரே எங்கள் வீட்டுக்கு வந்தார். லேசாகக் கால் தாங்கி நடந்தார். சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா டீ கொண்டுவந்தாள்.

"பதவி போகணும்னு யாரும் நினைக்கலம்மா" என்றார் அவர். "சின்ன விஷயம். அன்னைக்குக் கால் வலி, எழுந்திருக்க முடியலன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

சித்தி குனிந்து அவர் காலைப் பார்த்தாள். "கால் வலிச்சது உங்களுக்கு சார்."

சித்தப்பா டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டார். டிரில் மாஸ்டருக்கே சிரிப்பில் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டார்.

"உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்."

"தெரியும் சார். உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. நீங்க சொன்னா எல்லாரும் எந்திரிக்கிறாங்கன்னு உங்களுக்கே பயமா இல்லையா? அன்னைக்குக் கால் பிடிச்சுக்கிச்சு. நாளைக்குக் கொட்டாவி வந்து கையைத் தூக்கினா?"

அவர் டீயைக் குடித்து முடித்தார். டீ நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அம்மா சித்தியைப் பிடித்துக்கொண்டாள். "எழுதிக் குடுத்துடுடி. ஒரு வரி. பதவி இருந்தாத்தானே அந்தச் சட்டத்தை மாத்தச் சொல்லிக் கேப்ப? வெளிய வந்து யாரைக் கேப்ப?"

"அக்கா, உன் நெஞ்சு ஏன் இப்படி ஆச்சு? ஒருத்தன் கதவைப் பூட்டினான். ஏன்டா பூட்டினன்னு கேட்டா மேல சொன்னாங்கன்னான். அவனுக்கு மேல இருக்கறவனும் அதையேதான் சொன்னான். இப்ப மேல சொன்னாங்கன்னு நானும் பொய் எழுதிக் குடுக்கணுமா?"

"இது வேற, அது வேற."

"எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது."

அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த இடத்தில் நான் இருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேனா? எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் வருகிறது.

விசாரணையில் அவைத்தலைவர் கண்ணியமாகவே நடந்துகொண்டார். "கட்சியின் முடிவு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"காலைல உட்காருன்னாங்க. மதியம் எந்திரின்னாங்க. அடுத்த வாரம் கால் வலின்னு எழுதுன்னாங்க. இதுல எது கட்சி முடிவுன்னு நீங்களே சொல்லுங்கய்யா. எனக்குக் கால்ல ஒண்ணுமில்ல. படிச்சேன், வேண்டாம்னு தோணுச்சு, உட்காந்திருந்தேன்."

டிரில் மாஸ்டரிடமும் கேட்டார்கள். கட்டளை கொடுத்தீர்களா? "எழுந்து நின்றேன்" என்றார் அவர். அது பொய்யில்லை. அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

அவைத்தலைவருக்கு எல்லாம் புரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் சட்டத்தில் கெண்டைக்காலுக்கு இடமில்லை. கொறடா எழுந்தால் அது கட்டளை. சித்தியின் பதவி போனது.

அவள் தொழிற்சாலைக்கே திரும்பினாள். திரும்ப எடுத்துக்கொள்ள நிர்வாகத்துக்கு விருப்பமில்லை. எடுக்காவிட்டால் தையல் வரிசை சும்மா இருக்காது என்று தெரிந்து எடுத்தார்கள். பழைய எண் வேறு ஒருத்திக்குப் போயிருந்ததால் புதிய எண் கொடுத்தார்கள். அவள் உள்ளே நுழைந்தபோது நடந்ததை அம்மா இன்றும் விரிவாகச் சொல்வாள். அங்கே பெரியவர்கள் யார் வந்தாலும் எந்திரத்தை நிறுத்தி எழுந்து நிற்க வேண்டும். சித்தி வந்தபோது எந்திரங்கள் நின்றன. ஒருத்திகூட எழவில்லை. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னடி இது, மரியாதை இல்லாம?" என்றாளாம் சித்தி.

"இதுதான்க்கா மரியாதை" என்று கத்தினாளாம் ஒருத்தி. "உங்களுக்காக எந்திரிக்கவே மாட்டோம்!"

சித்தி அழுததை அம்மா முதல்முறையாக அன்றுதான் பார்த்தாளாம்.

ஊருக்கும் விஷயம் பரவிவிட்டது. பேருந்தில் யாராவது எழுந்தால், "என்ன, கால் பிடிச்சுக்கிச்சா, இல்ல கட்டளையா?" என்று கேட்டார்கள். அமைச்சர்கள் விழாக்களில் எழவே கூச்சப்பட்டார்கள். அடுத்த கூட்டத்தொடரில் அந்தத் திருத்தத்தைச் சத்தமில்லாமல் நீக்கினார்கள். வாசல்கள் திறந்தன. ஆனால் முதுகு அங்கேயே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வந்தார். வந்ததும், "அக்கா, அன்னைக்கு நான் ஏன் எந்திரிச்சேன்னு இன்னும் எனக்கே தெரியல" என்றார்.

"பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி எந்தப் பல்லுன்னு பாப்பீங்கல்ல?"

"பாப்பேன்."

"அதான் டாக்டர், வேற ஒண்ணுமில்ல."

கொறடாவின் கட்டளைக்கு எல்லை போடும் ஒரு தனிநபர் மசோதாவை, அரசு சார்பில் இல்லாமல் தன் பெயரிலேயே கொண்டுவரப் போவதாக டாக்டர் சொன்னார். எல்லாவற்றிலும் உறுப்பினர்களை அவிழ்த்துவிட வேண்டும் என்பது அவர் வாதம். அங்கேதான் நான் வாய் திறந்தேன். அப்படிச் செய்தால் ஆட்சியையே ஒருவர் விலைபேசிக் கவிழ்க்கலாம். மக்கள் எந்தக் கட்சியை ஆட்சிக்கு அனுப்பினார்களோ அதை நாலு பேர் மாற்றிவிடலாம். டாக்டர் மறுத்தார், நான் மறுத்தேன், டீ ஆறியது. சித்தி கேட்டுக்கொண்டே இருந்தவள், என்னைப் பார்த்து, "நீ சொன்ன பாதி இதுதான்டி" என்றாள்.

"எது?"

"ஆட்சி நிக்கணுமா வேண்டாமாங்கறதுல கட்சி சொல்றபடிதான் நிக்கணும். அதுக்காகத்தான் ஜனங்க அனுப்பினாங்க. வரவு செலவுத் திட்டமும் அப்படித்தான், அது இல்லன்னா ஆட்சியே இல்ல. அந்த ரெண்டுக்கும் கயிறு இருக்கட்டும். வாசலுக்கு எதுக்குக் கயிறு? ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு? அதெல்லாம் அவங்கவங்க பாத்து, அவங்கவங்க நம்பரைப் போடட்டும்."

மசோதா அப்படித்தான் எழுதப்பட்டது. ஆட்சி மீதான நம்பிக்கை வாக்கெடுப்பிலும் வரவு செலவுத் திட்டத்திலும் மட்டும் கொறடாவின் கட்டளை கட்டுப்படுத்தும். மற்றவற்றில் மாற்றி வாக்களித்தால் பதவி போகாது. கட்சித் தலைமைக்குச் சங்கடம். கொறடாவை வைத்துத் தோற்கடித்தால் ஊர் சிரிக்கும். கட்டளை போடாமல் விட்டால் ஜெயித்தாலும் ஜெயித்துவிடும். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, ஊர் சிரிப்பதற்கே அதிகம் பயந்தார்கள். அவரவர் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று அறிவித்தார்கள்.

வாக்கெடுப்புக்குச் சித்தி, அம்மா, நான் மூவரும் போனோம். மாடத்துக்குப் படி ஏறும்போது அம்மா பாதியில் நின்றாள். இந்த முறை யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெளிப்படையாக மூச்சு வாங்கினாள். சித்தி அவள் கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

"மசோதாவை ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம்."

பல் டாக்டர் எழுந்தார். அவருக்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. பலர் பழக்கதோஷத்தில் முதுகைப் பார்த்தார்கள். முதுகு அசையாமல் இருந்தது. பிறகு அங்கே ஒருவர், இங்கே ஒருவர். எதிர்க்கட்சியில் ஒரு மூலையிலிருந்து இருவர். பின்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து, உட்கார்ந்து, கையிலிருந்த மசோதாவை இன்னொரு முறை புரட்டிவிட்டு மறுபடி எழுந்தார். எப்போதும் வரிசை வரிசையாக எண்ணிப் பழகிய செயலாளர் விரல் வைத்து ஒவ்வொருவராக எண்ண வேண்டியிருந்தது. பாதியில் தப்பிப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். கடைசியில், மேஜையில் கை ஊன்றி, மெதுவாக, டிரில் மாஸ்டர் எழுந்தார். எழுந்து பின்னால் திரும்பிப் பார்த்தார். அவருக்கு நேர் பின்னால் இருந்தவர் உட்கார்ந்தே இருந்தார். அவரைப் பார்த்து டிரில் மாஸ்டர் தலையசைத்த மாதிரி எனக்குத் தோன்றியது.

மயிரிழையில் நிறைவேறியது.

இதனால் சித்திக்குப் பழைய பதவி திரும்பி வராது. சட்டம் பின்னோக்கிப் போகாது. பெட்டியோடு வருகிறவன் இனி சின்ன விஷயங்களுக்கும் வருவானோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. இதையெல்லாம் அவளிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அவள் இருக்கையில் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே இன்னும் நின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்தபடி, எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

காவலர் வேகமாக வந்தார். "அம்மா, மாடத்துல நிக்கக்கூடாது. உட்காருங்க."

"கொஞ்சம் இருங்க தம்பி. இப்பத்தான் எனக்கு எந்திரிக்கணும்னு தோணியிருக்கு."

"விதிம்மா. உட்காரணும்."

அம்மா அவர் கையைத் தொட்டாள். "விட்டுடுங்க தம்பி" என்றாள், குரலில் இருந்த பெருமையை மறைக்க முயலாமல். "சபைக்குள்ள இருந்தப்பவே அவ யார் சொல்லியும் கேக்கல."